நீ பார்த்ததை நேற்று நானும் பார்த்தேன்

அன்பு மச்சான் சின்னப்பனுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுதாததற்குக் காரணம், எழுதும்படி இங்கே எதுவும் நடக்கவில்லை. ஏரிக்கரைச் சாலைக்குத் தார் போட்டார்கள். தார் காய்வதற்குள் குடிநீர்க் குழாய் பதிக்க அதையே தோண்டினார்கள். தக்காளி ஒரு வாரம் தங்கமாக இருந்தது, மறு வாரம் மாடு தின்றது. நீ இருந்தபோது நடந்தவைதான். நீ இல்லாமலும் அவை அப்படியே நடக்கின்றன என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நேற்று மாலை ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஆனால் இந்தக் கடிதத்தை நம் தேவாலயப் பங்கு மலரில் அச்சிடக் கொடுக்கப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உனக்கு நான் செய்ததை ஊரைக் கூட்டி, மேடை போட்டு, மைக் வைத்துச் செய்தேன். மன்னிப்பை மட்டும் காதோடு காதாகக் கேட்டால் அது மன்னிப்பாக இருக்காது. ஊர் படிக்கட்டும். நம்மைத் தெரியாதவர்கள் கையில் மலர் கிடைத்தால், அவர்களுக்காக ஒரு விவரம்: சின்னப்பன் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன், பிறகு என் தங்கை பிலோமினாவைக் கட்டியவன். நான்கு பேர் நடுவில் "மாப்பிள்ளை, வாங்க" என்பேன். சைக்கிளில் நாம் இருவர் மட்டும் போகும்போது "டேய்" என்பேன். இரண்டுக்கும் நீ ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பாய்.

கல்லறைத் திருநாள் வருகிறது. அதற்குள் உனக்குக் கல் வைத்துவிட வேண்டும் என்று பிலோமி சொல்லிவிட்டாள். கல்லில் என்ன எழுதுவது என்பதை என்னிடம் விட்டாள். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை நம் தெருவின் தமிழ் முழுவதும் என் தலையில்தான். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"என்ன வேணா எழுதுண்ணா. அந்தப் பேரு மட்டும் வரக் கூடாது."

அந்தப் பெயர் உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். நட்சத்திரம் சின்னப்பன்.

நீ இறந்த அன்று நம் தெரு இளைஞர்கள் நல்லெண்ணத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டினார்கள். உன் படம், இரண்டு பக்கமும் புறா, மேலே கொட்டை எழுத்தில் அந்தப் பெயர். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பிலோமி எழுந்து போனாள். தீவனம் நறுக்கும் அரிவாளை எடுத்துவந்து, முதல் வார்த்தையை மட்டும் அளந்து வெட்டித் தனியாக எடுத்தாள். அரிவாளை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுதாள். உன் தலைக்கு மேலே செவ்வகமாக ஓர் ஓட்டை. அதன் வழியாகத் தென்னை மரம் தெரிந்தது. அப்படித்தான் உன்னை அனுப்பி வைத்தோம்.

நேற்று மாலை மாரண்டஹள்ளியில் கல் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் பொறுமைசாலி. கறுப்புக் கல்லின் மேல் சாக்பீஸால் எழுதிக் காட்டினார்.

"சின்னப்பன், விவசாயி. இவ்ளோதாங்களா? முன்னாடி எதுவும் வேணாங்களா?"

"வேணாம்."

"உங்க கல்லறத் தோட்டத்துல ஏற்கெனவே மூணு சின்னப்பனுக்கு நான்தாங்க கல்லு செஞ்சிருக்கேன். மிலிட்டரி சின்னப்பன், டெய்லர் சின்னப்பன், மேட்டுக்காட்டு சின்னப்பன். இவர மட்டும் மொட்டையா வுட்டா, மெழுகுவத்தி ஏத்த வர்றவங்க மாத்தி ஏத்திட்டுப் போயிடுவாங்க."

"பரவால்லீங்க."

"அவருக்கு ஒரு பேரு இருக்குதுன்னு கேள்விங்க."

"அப்படி எதுவும் இல்லீங்க" என்றேன். அந்தப் பெயரை வைத்தவனே அதை மறுத்தது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது என் குரல் நன்றாகவே இருந்தது.

அங்கிருந்து கிளம்பியபோது பொழுது இறங்கிவிட்டது. என் மகன் ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பிய சைக்கிள் அது. பதினெட்டு கியர். அதில் பதினேழு எதற்கு என்று இன்றுவரை தெரியாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளிலேயே பெரியது இந்தச் சைக்கிள்தான்.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஏரியில் தண்ணீர் சாலை ஓரம்வரை வந்து அசையாமல் நின்றது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது, வெளிச்சம் மட்டும் போக மனமில்லாமல் கொஞ்சம் தங்கியிருந்தது. கொக்குகள் வந்து அடங்கிவிட்டன. காற்று இல்லை. சாலையும் தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில், முற்றிய நாவல்பழ நிறத்தில் இருந்தன. மிதிக்கிறேன் என்பதையே மறந்து மிதித்துக்கொண்டிருந்தேன். சாலை தானாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

நான் முதலில் பார்த்தது வானத்தை அல்ல. என் நிழலை. இருட்டத் தொடங்கிய சாலையில் திடீரென்று எனக்கு ஒரு நிழல் விழுந்தது. சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரியும் நிழல். பின்னால் லாரி வருகிறது என்று ஓரம் கட்டினேன். சத்தம் இல்லை. அந்த நிழல் நீளவில்லை, சுருங்கவில்லை. கடிகார முள் போல மெதுவாக என்னைச் சுற்ற ஆரம்பித்தது. எனக்கு முன்னால் இருந்தது, பக்கத்துக்கு வந்தது, பிறகு பின்னால் போனது.

அப்போதுதான் தலையைத் தூக்கினேன்.

அதை எப்படிச் சொல்வது, மச்சான்? நீ சொல்லிவிட்டாய், எனக்குத்தான் அப்போது காது இல்லை. ஒரு பச்சை வெளிச்சம். விளக்குச் சுடரில் செம்புக் கம்பியைக் காட்டினால் வருமே, அந்தப் பச்சை. மேற்கிலிருந்து வந்து, ஏரியைத் தாண்டி, எந்த அவசரமும் இல்லாமல் போனது. விழுகிற பொருளுக்கு இருக்கும் பதற்றம் அதனிடம் இல்லை. ஏரிக்குள்ளும் ஒன்று போனது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் சைக்கிளில் நான். கிழக்கே மலைக்கு மேலே போனதும் அது உடைந்தது. உடைந்தவை சேர்ந்தே கொஞ்ச தூரம் போயின. பிறகு எல்லாம் பழைய நாவல்பழ நிறம்.

நான் பெல் அடித்தேன். ஏன் என்று கேட்காதே. வழிவிடச் சொன்னேனா, வழிவிட்டேன் என்று சொன்னேனா, தெரியவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"யாருக்கு சார் பெல்லு? ரோட்ல நாய்கூட இல்லியே."

கன்னடக்காரர் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அம்மாள், கரையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"மேல பாத்தியாம்மா? அவ்ளோ பெரிய வெளிச்சம்!"

"நான் குனிஞ்சு கவுத்த அவுத்துட்டு இருந்தேன். பளிச்சுன்னுச்சு, மின்னல்னு நெனச்சேன். என்னா, நட்சத்திரம் வுழுந்துச்சா?"

"ஆமா."

"அய்யோ தேவரே! நேராவா பாத்தீங்க? சீக்கிரம் பச்ச மரத்தப் பாருங்க சார். இல்லன்னா மறதி வந்துடும்."

"இந்த இருட்டுல எந்த மரம்மா பச்ச?"

"புளியமரம் பச்சதான? இருட்டுனா மட்டும் கலர் மாறிடுமா?"

நான் புளியமரத்தைப் பார்த்தேன். நான் சரியாகப் பார்க்கிறேனா என்று அவரும் பார்த்தார். திருப்தியானதும் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். எத்தனை டம்ளர் குடித்தாய் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த மரத்தடியில் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு பீடி குடிக்கும் நேரம் ஆகியிருக்கும். அப்போது வந்தது சத்தம். எங்கோ தொலைவில் லாரியிலிருந்து கருங்கல் சரிக்கிற சத்தம். மலை அதை வாங்கித் திருப்பி உருட்டியது. ஏரித் தண்ணீர் சிலிர்த்ததுபோல எனக்குத் தோன்றியது.

அந்தச் சத்தம்தான் என்னை உன்னிடம் கொண்டுபோனது.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பு இதே சாலையில், சந்தைக்குத் தக்காளி போட்டுவிட்டு வெறும் கூடையோடு சைக்கிளில் திரும்பியவன் நீ. டீக்கடைக்கு வந்து, சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே கையில் பிடித்துக்கொண்டு சொன்னாய். பச்சையாக ஒரு வெளிச்சம் போனது, உடைந்தது, ஒரு பீடி குடிக்கும் நேரம் கழித்துச் சத்தம் வந்தது என்றாய். அதற்குமேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் விடவில்லை.

"எத்தன டம்ளர்டா போட்ட?" என்றேன். "வெளிச்சம் மொதல்ல வந்துடுச்சு, சத்தத்துக்கு அடுத்த பஸ்தான் கெடச்சுதா?"

கடையே சிரித்தது. நான் அன்று இரவே உட்கார்ந்து, அந்த வருடக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒரு காட்சியைச் சேர்த்தேன். மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தில் வருவார்கள். நாலாவதாக ஒருவன் தக்காளிக் கூடையோடு சைக்கிளில் வருவான். "நட்சத்திரத்தைக் கண்டேன்" என்பான். "சாட்சி யார்?" என்று ஏரோது கேட்பான். "என் சைக்கிள், மன்னா" என்பான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நீயும் சிரித்தாய். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு அது ஒரு வசதி. அடி வாங்கியவன் சிரித்துவிட்டால் அடித்தவன் நிம்மதியாகத் தூங்கலாம்.

மறுநாள் காலையில் உனக்குப் பெயர் மாறிவிட்டது. ரேஷன் கடையில், ஓட்டுச் சாவடியில், பிறகு என் தங்கையின் மாப்பிள்ளையாக வந்தபோது பந்தலில், எல்லா இடத்திலும் நட்சத்திரம். உன் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் 'நட்சத்திரம் பொண்ணு' என்றார்கள். அவள் பெருமையாக நினைத்துக்கொண்டாள், பாவம். டிசம்பரில் நம் தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கும். உன் வீட்டு வாசலில் மட்டும் தொங்காது. கஞ்சன் என்றோம்.

அதற்குப் பிறகு நீ எதையும் பார்த்ததாகச் சொன்னதில்லை. காட்டிலிருந்து யானை இறங்கி என் வாழைத்தோட்டத்தைத் துவம்சம் செய்ததே, நினைவிருக்கிறதா? மறுநாள் நீ வந்து நின்றாய். நேற்று மாலை அந்த வழியாகத்தானே வந்தாய், பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேன்" என்றாய்.

"பாத்துட்டு ஏண்டா சொல்லல?"

"யானன்னு சொல்லியிருந்தா, எத்தன தும்பிக்கைன்னு கேட்டிருப்ப."

நான் அதற்கும் சிரித்தேன். நல்ல வசனம் என்று மனதில் குறித்துவைத்தேன்.

உன்னைக் கொண்டுபோன நெஞ்சுவலி நான்கு நாளாகவே இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அந்த நான்கு நாளும் நீ எங்களோடுதான் இருந்தாய். ஞாயிறு பூசைக்கு வந்தாய், என்னோடு டீ குடித்தாய், சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாய். ஏன் சொல்லவில்லை, மச்சான்? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. பதில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம்.

நேற்று சைக்கிளை உருட்டிக்கொண்டு டீக்கடைவரை வந்தேன். சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துதான் வந்தேன். கடை முனியப்பன் என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டான்.

"என்னாங்க நூலகரே, மூஞ்சியே சரியில்ல?"

நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் உன்னைப் பார்த்த அதே இருக்கைகளிலிருந்து. வாயைத் திறந்தேன்.

"சுகர் எறங்கிடுச்சுப்பா" என்றேன்.

"அதான பாத்தேன். உக்காருங்க. சக்கர தூக்கலா ஒண்ணு போடறேன்."

"இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே?" என்று மெதுவாக விட்டுப்பார்த்தேன்.

"குவாரில வெடி வெச்சிருப்பாங்க."

பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் உதவிக்கு வந்தார். "சுகர் எறங்குனா கண்ணுல பச்சப் பச்சயா நட்சத்திரம் பறக்குங்க. நம்ம சின்னப்பனுக்குப் பறந்துச்சே, அப்பிடி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்கம். நீ இறந்து பதினோரு மாதம் ஆகியும் உன்னை வைத்துச் சிரிக்கிறோம், சிரிப்புக்கு மூலகர்த்தா இனிப்பு டீயோடு உட்கார்ந்திருக்கிறான்.

டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். பிலோமி முன்கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லது ஒரு கூடை, சுமார் ஒரு கூடை, அழுகல் ஒரு கூடை.

"வாண்ணா. கல்லு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அந்தப் பேரு இல்லியே?"

"இல்ல. பிலோமி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பேர வெச்சது நான்தான்."

"இதச் சொல்லவா அவ்ளோ தூரம் மிதிச்சுட்டு வந்த? ஊருக்கே தெரியும். எங்க வூட்டு மாட்டுக்கும் தெரியும்."

"இன்னிக்கி நான் பாத்தேன்."

"எத?"

"அவன் பாத்தத."

கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காலைல மாத்திர போட்டியா?" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டாள்.

இன்னும் பெரிய விஷயம் மீதி இருந்தது. இதை உன்னிடமே நான் சொன்னதில்லை. இப்போது கேள். உங்கள் மூத்தவள் பிறந்த வருடம், நூலகத்துக்கு ஒரு கட்டு புத்தகம் வந்தது. அதில் வானத்தைப் பற்றிய ஒன்று. முத்திரை குத்தும்போது பக்கம் பிரிந்தது. எரிந்து விழும் பெரிய விண்கற்கள் சில சமயம் பச்சையாகத் தெரியும் என்று போட்டிருந்தது. உடையும் என்று போட்டிருந்தது. ஒளி முன்னால் வரும், சத்தம் சில நிமிடம் கழித்து வரும், ஏனென்றால் ஒலி மெதுவாக வருவது என்று போட்டிருந்தது. நீ டீக்கடையில் சொன்னதை யாரோ கேட்டு எழுதியதுபோல இருந்தது. இரண்டு தடவை படித்தேன். பிறகு முத்திரை குத்தி, எண் போட்டு, மேல் அலமாரியில் எட்டாத உயரத்தில் வைத்தேன்.

ஏன்? பெயர் ஊன்றிவிட்டது. ஊருக்கு அது பிடித்திருந்தது. நான் எழுதியதிலேயே ஊர் மனப்பாடம் செய்த ஒரே படைப்பு அதுதான். அதைத் திரும்பப் பெற எனக்கு மனம் வரவில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லை.

இதை அப்படியே பிலோமியிடம் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"மூத்தவளுக்கு இப்ப என்ன வயசு?"

"இருபத்தேழு."

"இருபத்தேழு வருசமா உனக்குத் தெரியும்."

"ஆமா."

அவள் கையில் இருந்தது மூன்றாம் கூடைக்குப் போக வேண்டிய தக்காளி. அது நேராக என் சட்டையில் வந்து உடைந்தது. ஓர் எழுத்தாளனுக்கு வாசகர்கள் செய்ய வேண்டிய மரியாதை முப்பத்திரண்டு வருடம் தாமதமாக வந்து சேர்ந்தது. இரண்டாவது ஒன்றையும் எடுத்தாள். அது நல்ல தக்காளியாக இருந்ததால் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டாள்.

வாசலில் இருந்த கொய்யாமரத்தில் என்னவோ ஒரு பறவை இடம் மாறி உட்கார்ந்தது.

"சட்டயக் கழட்டு. கற புடிச்சிக்கும்" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். தொட்டிக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி பேசினாள்.

"நானும் சிரிச்சேன்ண்ணா."

"எப்ப?"

"நாடகத்தன்னிக்கு. பொம்பளைங்க பக்கம் நான்தான் சத்தமா சிரிச்சது. பக்கத்துல இருந்தவ வாயப் பொத்துனா. அப்ப அவரோட நான் பேசுனதே இல்ல, உன் சிநேகிதர்னு மட்டும் தெரியும். கல்யாணமாயி ரெண்டாம் நாளு கேட்டாரு. 'நீ அன்னிக்கி அங்க இருந்தியா?'ன்னு. நான் காய்ச்சல்ல வூட்லயே படுத்திருந்தேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"நம்பிட்டாரு. யாரு என்ன சொன்னாலும் நம்புவாரே அவரு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்பறம் மொத்தத்தையும் எனக்குச் சொன்னாரு. வூட்ல இருந்தவளாச்சே, சிரிக்காதவளாச்சேன்னு சொன்னாரு. ஒரே தடவதான். அதுக்கப்பறம் யாருக்கும் சொல்லல. அந்தப் பேர யாராவது கூப்பிட்டா எனக்கு அந்தக் காய்ச்சல்தான் ஞாபகம் வரும். வராத காய்ச்சல்."

நான் எழுந்து போய்க் குழாயை மூடினேன். சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு அவள் திரும்பினாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"சரி, சொல்லு. உனக்கு நெழலு சுத்துச்சா?"

நிழலைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. டீக்கடையில் நீ சொல்ல வந்து, நான் சொல்லவிடாமல் அடித்தது அதுதானா? 'சைக்கிள் நிழல் சுத்துச்சு' என்று நீ சொல்ல நினைத்த வாயைத்தான் நான் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேனா?

"சுத்துச்சு" என்றேன். "முன்னாடி இருந்து, பக்கத்துக்கு வந்து, பின்னாடி போச்சு."

"கம்பி கம்பியாத் தெரிஞ்சுதா?"

"கம்பி கம்பியா."

அவள் கூடையைத் தள்ளிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கதை கேட்கும் குழந்தையின் முகம் இல்லை, வக்கீலின் முகம். என்ன பச்சை என்றாள். தண்ணீரில் தெரிந்ததா என்றாள். வேகமா, மெதுவா என்றாள். ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டினாள், உன் வாக்குமூலத்தை மனதில் வைத்துச் சரிபார்ப்பதுபோல. சொல்லச் சொல்ல எனக்கே ஒரு மயக்கம். நேற்றைய வானத்தைச் சொல்கிறேனா, முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தியதைச் சொல்கிறேனா? எத்தனையோ காலம் இருட்டில் யாருக்கும் தெரியாமல் அலைந்துவிட்டு, கடைசிச் சில நொடி மட்டும் ஒளிர்ந்து, அதற்குள் ஒரு மனிதனின் நிழலைச் சுற்றிவிட்டுப் போகிற ஒரு கல். அதன் அவசரமின்மை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் மூன்று கூடைத் தக்காளியும் ஒரே நிறமாகத் தெரிந்தன.

"எத்தனையா ஒடஞ்சுது?"

"ரெண்டா."

"மூணு."

"இல்ல பிலோமி, நான் நல்லாப் பாத்தேன். ரெண்டுதான்."

"அவரு மூணுன்னாரு."

"அது வேற கல்லு, இது வேற கல்லு. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி ஒடையணும்னு சட்டமா?"

"உனக்குக் கண்ணாடி மாத்தி எத்தன வருசமாச்சு? மூணாதான் ஒடஞ்சிருக்கும். ஒண்ண நீ வுட்டுட்ட."

அந்த விஷயத்தில் அவள் கடைசிவரை இறங்கி வரவில்லை. உன்மேல் ஒருவர் இவ்வளவு முழுசாக நம்பிக்கை வைத்துச் சண்டை போடுவதை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்து, பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

பிறகு அவளே சொன்னாள். "கல்லுக்காரருக்கு போன் போடு."

"அந்தப் பேரச் சேக்கணுமா?"

"பேரு வேணாம். அது நீ வெச்சது. அவரு பாத்தாருன்னு போடு. அவ்ளோதான், நடந்தத போடு."

பட்டறைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வரிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. என்னா போடணும்?"

சொன்னேன். மெல்லும் சத்தம் நின்றது.

"எல்லாரும் இறைவனில் இளைப்பாறுகிறார்னு போடுவாங்க. இது என்னாங்க வெளிச்சம்? ஆண்டவரச் சொல்றீங்களா?"

"இல்லீங்க. நெசமான வெளிச்சம். ஏரிக்கரை மேல போச்சுங்களே, அது."

"சரிங்க" என்றார். "எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னதா வரும்."

ஆகவே உன் கல்லில் இருக்கப்போவது இதுதான், மச்சான். 'சின்னப்பன், விவசாயி. ஒரு நாள் மாலை வீடு திரும்பும் வழியில் வானத்தில் பெரிய வெளிச்சம் கண்டார்.' இலக்கியமாக எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கக் கை வந்தது. பிலோமி பக்கத்தில் நின்றாள்.

நான் ஈர நெஞ்சோடு சட்டை இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தேன். என் மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, மாத்திரையையும் கேட்கவில்லை. பிலோமிக்கு அடுத்து என்னை நம்ப ஓர் ஆள் தேறிவிட்டது. இன்று காலை டீக்கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். எத்தனை டம்ளர் என்று முனியப்பனே கேட்டான். இனிப்பு தூக்கலாக ஒன்று என்று உண்மையைச் சொன்னேன். உட்கார்ந்திருந்து கடைசிவரை சொன்னேன், நிழல்வரைக்கும் சொன்னேன். சின்னப்பன் சொன்னது அத்தனையும் நிஜம், எனக்கு இருபத்தேழு வருடமாகத் தெரியும் என்பதையும் சொன்னேன். அந்த இடத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் எழுந்து, பேசாமல் வெளியே போய், பகல் வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்லறைத் திருநாளன்று ஊர் முழுக்க மெழுகுவத்தியும் சாமந்தியுமாக வரும். உன் கல்லை நின்று படிப்பார்கள். எழுத்து சின்னது என்பதால் குனிந்துதான் படிக்க வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன். சாமியாரின் கல்லறை மந்திரிப்பு முடிந்து கடைசி ஆள் போகும்வரை நிற்பேன். கேட்பவர் யாராக இருந்தாலும், கேட்கும் தொனி எப்படி இருந்தாலும், முதலிலிருந்து சொல்வேன். இந்த வருடம் மட்டுமல்ல, நிற்கக் கால் உள்ளவரை ஒவ்வொரு வருடமும்.

இன்னொன்றும் உனக்கு வாக்குத் தருகிறேன். உடைந்தது இரண்டுதான், மச்சான். என் கண்ணால் பார்த்தேன், சத்தியம். ஆனால் யார் கேட்டாலும் மூன்று என்றே சொல்வேன்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
இன்னாசி